நீரணங்குகளும் ஓர் அரைச் சுற்றும்

ஜெர்மன் நீரணங்குகள் மூன்று பேருடன் ஒரு பனிக்காலம் முழுவதும் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன். மனைவிக்குத் தெரிந்தேதான். மூவரும் இடுப்புக்கு மேலே ஒன்றும் உடுத்தாதவர்கள் என்பதையும் முதல் நாளே சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன். அவள் சோற்றுக்குப் பருப்பு விட்டுக்கொண்டே, "இந்தக் குளிருக்கோ? பாவங்கள்" என்றாள். என்னைப் பற்றி அவளுக்கு வேறு கவலை எதுவும் வரவில்லை. எனக்கு அது சின்ன அவமானமாகத்தான் இருந்தது.

நான் வேலை செய்தது ரொறன்ரோ நகரின் நடுவே இருந்த ஓர் ஓவியக் காட்சியகத்தில். ஓவியனாக அல்ல. பெட்டியிலிருந்து ஓவியத்தை எடுப்பது, சுவரில் மாட்டுவது, காட்சி முடிந்ததும் திரும்பப் பெட்டிக்குள் வைப்பது, இவ்வளவுதான் தொழில். சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதும்போது "கலைத்துறையில் இருக்கிறேன்" என்று எழுதுவேன். பொய் என்று யாரும் வழக்குப் போட முடியாது.

ஓய்வு பெற்ற அன்று எனக்கு கேக் வெட்டினார்கள். இப்போது வெளிநாட்டுப் படங்களோடு ஆள் வருவது குறைந்துவிட்டது. முக்காலித் தாங்கியில் ஒரு கமெராவைப் பூட்டிவிட்டால் போதும், படத்தின் சொந்தக்காரர் ஐரோப்பாவில் கோப்பி குடித்தபடியே நாங்கள் பெட்டி திறப்பதைப் பார்ப்பார். அதைப் பற்றித்தான் பேச்சு. என்னோடு வேலை செய்தவர்களில் ஒருவர் கேட்டார்: "யோகி, யாரும் பார்க்காதபோது எதையாவது சேதப்படுத்தியிருக்கிறாயா?" என் முழுப் பெயர் யோகநாதன். அதைச் சொல்ல நேரமில்லாதவர்களுக்கு நான் யோகி. "ஒருமுறை கேக் வெட்டும்போது பீங்கானை உடைத்தேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி அப்படியே நின்றுவிட்டது. அதற்கான உண்மையான பதில் இது.

தொழில் பழகிய வருடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அகதியாக வந்தேன், கோப்பை கழுவினேன், பிறகு மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பொதி ஏற்றும் வேலை. அங்கே எல்லோரும் பெட்டிகளை எறிவார்கள். நான் மட்டும் குழந்தையைப் போலத் தூக்கி வைப்பேன். உள்ளே ஏதாவது உடைந்தால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். மேற்பார்வையாளர் அதைத் திறமை என்று நினைத்துவிட்டார். ஓவியங்களைக் களஞ்சியப்படுத்தும் ஓர் இடத்துக்கு என்னைச் சிபாரிசு செய்தார். அங்கிருந்து காட்சியகம். ஆக, நான் இந்தத் தொழிலில் உயர்ந்ததெல்லாம் பயத்தால்தான். மற்றவர்கள் படிப்பால் ஏறிய படியை நான் நடுங்கி நடுங்கி ஏறினேன்.

காட்சியகத்தில் என் மேலதிகாரி டோரத்தி. அவர் ரெஜிஸ்ட்ரார். அந்தக் கட்டடத்துக்குள் வருகிற, போகிற ஒவ்வொரு பொருளுக்கும் அவர் பொறுப்பு. அறுபதை நெருங்கிய, மெலிந்த மனுஷி; முடி நீளம், முழுக்க வெள்ளை. இரப்பர் அடி வைத்த சப்பாத்துப் போடுவார் என்பதால் அவர் பின்னால் வந்து நிற்பது யாருக்கும் தெரியாது. படத்தைத் தொடும் முன் மணிக்கூடு, மோதிரம், இடுப்புப் பட்டி, சட்டைப் பையில் உள்ள பேனா எல்லாம் கழற்ற வேண்டும். எழுதுவது பென்சிலால் மட்டும். தூக்கும் முன் எங்கிருந்து எங்கே போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின்னோக்கி ஓர் அடியும் நடக்கக் கூடாது. எவ்வளவு அவசரமானாலும் ஓடக் கூடாது.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இறங்கும். இறங்கி, இறங்கி, கடைசியில் "நன்றி, யோகி" என்று வரும்.  அதைவிடப் பெரிய கட்டம் ஒன்று உண்டு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கண்ணாடியைக் கழற்றுவாராம். நான் அதுவரை பார்த்திருக்கவில்லை.

ஒருமுறை அந்த நன்றியைப் பெரிய அளவில் வாங்கியிருக்கிறேன். ஒரு பழைய நிலக்காட்சி ஓவியத்தில், வானத்துக்குக் குறுக்கே வெடிப்பு ஓடுவதைக் கண்டுவிட்டேன். கண்டதும் கத்தினேன். அறையை மூடினார்கள். நாலு பேர் வந்தார்கள். சாய்வாக வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். டோரத்தி மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்து, நான் காட்டிய வெடிப்பை மெதுவாகத் தூக்கி எடுத்தார். வெள்ளை முடி. நீளமானது. அந்தக் கட்டடத்தில் அந்த நீளத்துக்கு வெள்ளை முடி ஒருவருக்குத்தான் இருந்தது. "நன்றி, யோகி" என்றார். அதற்குப் பிறகு பல மாதங்கள், காலையில் என்னைக் கண்டால் மற்றவர்கள் "இன்றைக்கு வானம் எப்படி?" என்று கேட்பார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீரணங்குகள் வந்தபோது நான் ஏற்கனவே ஒருமுறை பொய்க் கூக்குரல் போட்டவன்.

அந்தக் காட்சி ஜெர்மன் ரொமான்டிக் கால ஓவியங்களைப் பற்றியது. அந்தக் காலத்து ஜெர்மன் ஓவியர் பலர் இத்தாலிக்குப் போய்ப் படித்தார்கள். அங்கே கிரேக்கப் பழங்கதைகளில் வருகிற அணங்குகளைக் கண்டார்கள். நல்ல வெயிலில், ஒலிவ் மர நிழலில் குளித்துக்கொண்டிருந்த பெண்கள். அவர்களை இவர்கள் அப்படியே ஊருக்குக் கொண்டுவந்து, ஊசியிலைக் காட்டுக்குள், கறுத்த தண்ணீரில், நிலா வெளிச்சத்தில் இறக்கிவிட்டார்கள். தெற்கிலிருந்து கிளம்பிக் குளிர்தேசத்தில் வந்து மாட்டிக்கொண்டவர்கள் என்ற வகையில் எனக்கு அவர்களோடு ஓர் ஒட்டுதல் உண்டானது. குளிரில் வந்து விழுந்ததும் அவர்களுடைய குணமும் மாறிவிட்டது. தெற்கில் சிரித்தவர்கள் வடக்கில் ஆளை இழுக்கத் தொடங்கினார்கள். தமிழில் இவர்களை வெறுமனே தேவதை என்பது சரியில்லை. அணங்கு என்றால் அழகும் பயமும் ஒன்றாக வரும். இவர்களுக்குப் பொருந்துகிற சொல் அதுதான்.

பெரிய படங்கள் பல இருந்தன. ஆனால் எல்லோரும் காத்திருந்தது ஒரு சின்னப் படத்துக்கு. இரண்டு கையையும் விரித்தால் அடங்கிவிடும் அகலம். துணியில் அல்ல, ஒரே மரப்பலகையில் வரைந்தது. குளம். மூன்று அணங்குகள். தண்ணீர் மொள்ள வந்த ஓர் இளைஞனை அவர்கள் இழுத்துக்கொண்டதுதான் கதை. ஆனால் ஓவியர் இளைஞனை வரையவில்லை. அவன் கொண்டுவந்த குடம் மட்டும் மிதக்கிறது. அதைச் சுற்றி ஒரே ஒரு வட்ட அலை. வேலை முடிந்துவிட்டது. இருவர் எங்களைப் பார்க்கிறார்கள், அடுத்தது யார் என்று பார்ப்பதுபோல. மூன்றாமவள் தலையைச் சரித்து, எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளைத்தான் என்னால் நேரே பார்க்க முடியவில்லை.

படத்துடன் லிண்ட்னர் அம்மையார் வந்தார். அவர்தான் கூரியர், அதாவது சொந்தக்காரக் காட்சியகத்தின் ஆள். படம் சுவரில் ஏறும்வரை அதைவிட்டு அகலக் கூடாது என்பது அவருக்கு விதி. உயரமான மனுஷி, எதையும் இரண்டு தரம் சொல்ல மாட்டார். பெட்டி விமான நிலையத்தின் குளிரிலிருந்து வந்ததால் ஒரு முழு நாள் திறக்காமல் அறைச் சூட்டில் வைத்தோம். மறுநாள் திறந்து, படத்தை முகம் கீழாகப் பஞ்சணைகளின் மேல் வைத்து, பின்புறத்தைப் பார்த்தோம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மரப்பலகை சும்மா இராது. காற்று வறண்டால் சுருங்கும், ஈரமானால் விரியும். அதனால் பலகை ஓவியத்தைச் சட்டத்துக்குள் இறுக்கிப் பூட்ட மாட்டார்கள். ஓரங்களில் ஆறு சின்னப் பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றின் அடியிலும் தக்கை ஒட்டியிருக்கும். தகடு பலகையைத் தொட வேண்டும், பிடிக்கக் கூடாது. பலகை அசைய இடம் வேண்டும். அதைத் தடுத்தால் அது வெடிக்கும்.

பயணத்தில் கீழ் வலதுபக்கத் தகடு தளர்ந்திருந்தது. லிண்ட்னர் அம்மையார் என்னிடம் சொன்னார்: "ஒரு விரலால் தொடுவதுபோல. அவ்வளவே." நான் திருகாணியைத் திருப்பினேன். "போதும்" என்றார். நான் நிறுத்தினேன். டோரத்தி அப்போது மற்றப் பெட்டிகளின் பத்திரங்களோடு பக்கத்து அறையில் இருந்தார். லிண்ட்னர் அம்மையாரின் கைத்தொலைபேசி அதிர்ந்தது. ஜெர்மனியிலிருந்து அழைப்பு. அவர் இரண்டு நிமிடம் நடைபாதைக்குப் போனார்.

அந்த இரண்டு நிமிடத்தில் நானும் அந்தப் படத்தின் முதுகும் மட்டும். நான் தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஆடுவதுபோல் இருந்தது. சுவரில் தொங்கும்போது பலகை வழுகி விழுந்தால் என்று நினைத்தேன். விழுகிற சத்தம்கூடக் கேட்டது. என்னுடைய வாழ்க்கையில் நடக்காத விபத்துகளின் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்கும். இன்னும் அரைச் சுற்றுத் திருப்பினேன். இறுகியது. மனம் நிம்மதியானது. அம்மையார் திரும்பி வந்து, "முடிந்ததா?" என்றார். "முடிந்தது" என்றேன்.

படம் சுவரில் ஏறியது. அம்மையார் தங்கள் காட்சியகத்தின் மற்றப் படங்களுக்காக இன்னும் மூன்று நாள் நின்றார். வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அவரை விமான நிலையத்துக்குக் கொண்டுபோகக் கார் வரும். சனிக்கிழமை திறப்பு விழா.

அந்த வாரம் குளிர் இறங்கிக்கொண்டே போனது. மில்லிக்கனில் எங்கள் வீட்டுக் கார்க் கதவு உறைந்து, பின்கதவால் ஏறிச் சாரதி ஆசனத்துக்குத் தவழ்ந்து போனேன். அந்தக் காட்சியைப் பக்கத்து வீட்டுச் சீன அம்மா கண்ணாடிக்குப் பின்னால் நின்று முழுதாகப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. அறைகளில் காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரமானியைப் பார்த்து எழுதுவது என் வேலை. அணங்குகள் தொங்கிய அறையில் நான் தனியே. பென்சிலை எடுத்தேன்.

டிக்.

நகத்தை நகத்தில் தட்டுவதுபோல, அவ்வளவு சின்னச் சத்தம். ஈரமானியைப் பார்த்தேன். அது சத்தம் போடாத வகை. குழாயாக இருக்கும் என்று எண்ணி எழுதத் தொடங்கினேன். மறுபடியும், டிக். இந்த முறை திசை தெரிந்தது. திரும்பினேன். மூன்றாமவள் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதைத்தான் நானும் கேட்டேன்.

 ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர்கள்தான் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள். ஆளில்லாத அறையில் அந்தக் கண்களுக்கு முன்னால் நின்று பாருங்கள். அடுத்த கணம் அதைவிடப் பெரிய பயம் வந்தது. பலகை சுருங்கப் பார்க்கிறது. எதுவோ அதை விடவில்லை. அந்த எதுவோ எது என்று உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

நடைபாதைக்கு வந்து மனைவிக்கு அழைத்தேன். "படம் ஒண்டு சத்தம் போடுது" என்றேன்.

"எந்தப் படம்? துணியில்லாததுகளோ?"

"ஓம்."

"என்ன சொல்லுதுகள்?"

"பகிடி விடாதையும். எனக்கு நெஞ்சு அடிக்குது."

அவள் அடுப்பை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "போனமுறை வெடிப்பெண்டு சொல்லி முடியைப் பிடிச்சுக் குடுத்தனீங்கள்" என்றாள். "இந்த முறை காதையும் ஒருக்காக் காட்டுங்கோ. ஆனா உண்மையாக் கேட்டதெண்டா, என்னட்டச் சொல்லி என்ன பிரயோசனம்? சொல்ல வேண்டிய ஆளிட்டச் சொல்லுங்கோ."

அவளுக்கு அரைச் சுற்றைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அது நடந்ததாகிவிடும் என்று பயம்.

கீழ்த்தளத்துக்குப் போனேன். அங்கே நசீர். கட்டடத்தின் சூடாக்கி, ஈரப்பதம் ஊட்டும் இயந்திரம் எல்லாம் அவர் பொறுப்பு. மன்னார்ப் பக்கத்து ஆள், ரெக்ஸ்டேலில் வீடு. மதியத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். அந்தக் கட்டடத்தில் தமிழில் முறையிட எனக்கு வேறு இடமில்லை. அவர் இயந்திரத்துக்கு முன்னால் இருந்த வாளியில் குந்தியிருந்தார். முகம் சரியில்லை.

"நசீர், நேற்று ஈரம் இறங்கினதோ?"

"யோகன் அண்ணை, உங்களுக்கும் தெரிஞ்சு போச்சா?" என்றார். "பின்னேரம் பைப்புக்குள்ள ஐஸ் கட்டி மெசின் நாலு மணித்தியாலம் நிண்டுட்டுது. நான் வீட்டுக்கே போகல்ல. உருக்கி, ஓட வச்சிட்டுத்தான் போனன். ஏன், படம் ஏதும்?"

"சும்மா கேட்டனான்."

"நீங்க சும்மா கேக்கிற ஆளில்ல. அண்ணை, மேல இருந்து எனக்கு ஏற்கனவே ஒரு கடிதம் தந்திட்டாங்க. இன்னொண்டு வந்தா வேலை இல்ல. வீட்டில சொல்லவும் இல்ல."

நான் ஏதோ பகிடி சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன்.  மேலே ஏறிவிட்டேன்.

மறுபடி அந்த அறைக்குப் போனேன். பதினொரு மணிவரை ஒன்றும் கேட்கவில்லை. எவ்வளவு சந்தோசம். கேட்டதெல்லாம் குழாய்தான் என்று முடிவு கட்டி, கதவை நோக்கி நடந்தேன். கதவடியில் காலை வைத்தபோது மூன்றாவது முறை. டிக். முதுகுக்குப் பின்னால்.

இப்போது என் நிலையைப் பாருங்கள். நான் சொல்லி, ஒன்றும் இல்லை என்றால் சாகும்வரை வானம் எப்படி என்று கேட்பார்கள். நான் சொல்லி, ஏதாவது இருந்தால் அது நான் செய்தது. சொல்லாமல் விட்டால், இரண்டு மணிக்கு லிண்ட்னர் அம்மையார் போய்விடுவார். அவர் அனுமதி இல்லாமல் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து யாரும் இறக்க முடியாது. சனி, ஞாயிறு முழுவதும் அது தொங்கும். பலகை குறுக்கே பிளக்கும். இவ்வளவையும் யோசித்து முடிக்க எனக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அந்த நேரத்தில் தேவையில்லாத நாலு சுவர் ஓட்டைகளை அடைத்து, காயும்வரை பார்த்துக்கொண்டும் நின்றேன்.

டோரத்தியின் அறைக் கதவைத் தட்டினேன். அவர் பேசியது ஆங்கிலம். என் ஞாபகத்தில் அது எப்போதும் தமிழில்தான் வரும்.

"மரப்பலகைப் படம் சத்தம் போடுகிறது" என்றேன்.

"எத்தனை முறை?"

"மூன்று."

"எப்போதிலிருந்து?"

"ஒன்பது மணியிலிருந்து."

அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து. "நன்றி, யோகி" என்றார். குரல் தரையில் கிடந்தது.

அவர் படத்துக்கு முன்னால் போய் நின்றார். நான் பக்கத்தில். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். படம் ஊமையாகிவிட்டது. அந்த மூன்று பேரும் நல்ல பிள்ளைகளாக நின்றார்கள். டோரத்தி ஒருமுறை என் பக்கம் திரும்பினார். எனக்கு வெள்ளை முடி ஞாபகம் வந்தது. "ஒருவேளை குழாயாக..." என்று தொடங்கினேன்.

டிக்.

டோரத்தி கண்ணாடியைக் கழற்றினார்.

"லிண்ட்னரைப் போக விடாதீர்கள்" என்றார்.

ஓடக் கூடாது என்ற விதியை நான் மீறவில்லை. ஆனால் நடையில் அவ்வளவு வேகம் உண்டென்று அன்றைக்குத்தான் கண்டேன். லிண்ட்னர் அம்மையார் வாசலில் மேலங்கியோடு நின்றார். பனிப் பாதைக்குப் பயந்து காரை ஒன்றரை மணித்தியாலம் முன்பே வரச் சொல்லியிருந்தார். நான் போய் அவருடைய பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். உதவி என்று நினைத்து நன்றி சொன்னார். நான் பெட்டியை விடவில்லை. அவர் இழுத்தார், நான் விடவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்தார். மேலங்கியோடேயே மேலே வந்தார்.

படத்தை இறக்கி, வேலை அறைக்குக் கொண்டுபோய், முகம் கீழாகப் பஞ்சணையில் வைத்தோம். பலகை ஓவியங்களுக்குச் சிகிச்சை செய்யும் நிபுணர் அன்று விடுமுறையில். அவரைத் தொலைபேசியில் பிடித்து, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்கள். டோரத்தி திருகாணிச் சாவியை என்னிடம் நீட்டினார். "பூட்டியவர் நீங்கள். நீங்களே கழற்றுங்கள்."

தொலைபேசிக் குரல் சொன்னது: ஒரே தகட்டை முழுதாகத் தளர்த்தாதே. அடக்கி வைத்த பலகை துள்ளும். கால் சுற்று. பிறகு அடுத்தது. கால் சுற்று. நிறுத்து, கேள். மறுபடி.

   மேல் இடது, கால் சுற்று. கேட்டோம். மேல் வலது, கால் சுற்று. மூன்று பேரின் மூச்சு மட்டும். நடுவில் இருந்த இரண்டு. கீழ் இடது. இவையெல்லாம் சுலபமாக, வெண்ணெயில்போலத் திரும்பின. கீழ் வலது திரும்பவில்லை. அழுத்தினேன். திரும்பவில்லை. அந்த அறையில் இருந்த இரண்டு பெண்களுக்கும் அது தெரிந்தது.  இன்னும் அழுத்தியபோது திருகாணி முனகியது, கால் சுற்றுப் போனது, பலகைக்குள்ளிருந்து பெரிதாக ஒரு சத்தம், சுள்ளி ஒடிவதுபோல.

 மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். தொலைபேசிக் குரல், "அது விடுபட்ட சத்தமாக இருக்கலாம். அல்லது மற்றது. திருப்பிப் பாருங்கள்" என்றது. மற்றது என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆறு தகடும் கழன்ற பிறகு பலகையை எடுத்துத் திருப்பினோம். டோரத்தி விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். மூன்று பேரும் முழுதாக இருந்தார்கள். குடம் இருந்தது. கீழ் விளிம்பில், கறுத்த தண்ணீரில், ஒரு சுண்டுவிரல் நக நீளத்துக்கு ஒரு கோடு. வந்தபோது எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிட்டோம். அதில் அந்தக் கோடு இல்லை. டோரத்தி மெல்லிய தூரிகையை எடுத்து அதன்மேல் வைத்தார். இந்த முறை எதுவும் தூக்கிக்கொண்டு வரவில்லை.

சட்டத்தின் விளிம்பு அதை மறைத்துவிடும். பார்வையாளர் யாருக்கும் தெரியாது. ஆனால் நிலை அறிக்கையில் எழுதியாக வேண்டும். படம் உள்ள காலம்வரை அதனோடு போகும் தாள் அது. இடம், நீளம், புதியது. பிறகு ஒரு கட்டம்: காரணம். கண்ட ஆள்தான் முதலில் எழுத வேண்டும் என்பது எங்கள் முறை. பென்சில் என்னிடம் வந்தது.

லிண்ட்னர் அம்மையார் யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "நேற்று ஈரப்பதம் இறங்கியிருக்கிறது. வறண்ட காற்று. அப்படி எழுதலாம்." அந்த இரண்டு நிமிடத் தொலைபேசி அழைப்பு அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அப்படியானால் இயந்திரம் பார்ப்பவரைப் பற்றி நான் மேலே சொல்ல வேண்டியிருக்கும்" என்றார் டோரத்தி. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாத கண்கள். அவருக்கு என் முகம் தெளிவாகத் தெரிந்திருக்காது என்பதுதான் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

வறண்ட காற்று என்று எழுதினேன். அது பொய் இல்லை. அதோடு பென்சிலைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கத்தான் போனேன். மூன்று பேரும் ஒப்பமிட்டால் முடிந்தது. நான் வீடு போவேன், சனிக்கிழமை விழா, வாளியில் குந்தியிருக்கிற ஆளுக்கு இரண்டாவது கடிதம். இவ்வளவு சுலபமாக ஒரு ஆளைத் தண்ணீருக்குள் இழுத்துவிடலாம். குடம் மட்டும் மிதக்கும்.

என்னைத் துணிந்தவன் என்று நினைக்க வேண்டாம். இந்தப் பக்கமும் பயம், அந்தப் பக்கமும் பயம். நசீரோடு இனித் தினமும் எதிரெதிரே இருந்து சாப்பிட வேண்டுமே என்ற பயம் கொஞ்சம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். அதன் கீழே எழுதினேன்: கீழ் வலதுத் தகடு, நிறுத்தச் சொன்ன பிறகு, அரைச் சுற்று மேலதிகமாக இறுக்கப்பட்டது. இறுக்கியவர். பிறகு என் பெயரை முழுதாக எழுதினேன். ஆங்கிலத்தில் அது நீளமான பெயர். கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே போனது.

லிண்ட்னர் அம்மையார் வந்து வாசித்தார். நீண்ட நேரம் வாசித்தார். "நான் அறையில் இருக்கவில்லை" என்றார். "அதையும் எழுதுங்கள்." எழுதினேன். அவர் தன் பெயரைத் தானே எழுதி ஒப்பமிட்டார்.

டோரத்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "திங்கள் முதல் நீங்கள் சுவர் பூசுங்கள். படம் தொட வேண்டாம். எதுவரை என்று பிறகு சொல்வேன்." சாதாரணக் குரல். அதுதான் விளங்கவில்லை. இறங்கிய குரலென்றால் எனக்குப் பழக்கம். வேலை போகவில்லை என்பதே கதவுக்கு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. நான் ஏழு மாதம் சுவர் பூசினேன். தகடுகளைத் தளர்வாகப் போட்டுப் படத்தைத் திறப்பு விழாவுக்கு மாட்டியது வேறு ஆள்.

மூன்று மணிக்குச் சாப்பாட்டு அறைக்குப் போனேன். நசீர் ரொட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். முகம் மாறியிருந்தது.

"வாங்க அண்ணை, வாங்க. அல்லாஹ் காப்பாத்திட்டான்" என்றார். "டோரத்தி அம்மா இப்பத்தான் கீழ வந்து சொல்லிட்டுப் போறா. மெசினால இல்லையாம். எவனோ ஒரு விசரன் திருகாணியை இறுக்கி வச்சிருக்கான். நான் காலைல இருந்து செத்துப் பிழைச்சிட்டன். யாரு அண்ணை அந்தக் கழுதை?"

"நான்தான்" என்றேன்.

நசீர் வாய்விட்டுச் சிரித்தார். மேசையில் தட்டிச் சிரித்தார். "உங்களுக்கு எந்த நேரமும் பகிடிதான், யோகன் அண்ணை. நீங்க முடியைப் பார்த்தே வெடிப்பெண்டு பயப்படுற ஆள். நீங்க போய் இறுக்குவீங்களா?"

நான் கதிரையில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தேன். மூடியைத் திருப்பினேன். அது திரும்பவில்லை. மறுபடி பிடித்தேன், விரல்கள் வழுகின. மேசையில் பெட்டி கடகடவென்று ஆடியது. நசீர் அதைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்று, மெல்ல இறங்கியது.

 அவர் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, மூடியைத் திறந்து, என் முன்னால் வைத்தார்.